பங்கும் பந்தியும்: திறந்தவெளிக் கூட்டுணவின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஆங்கிலத்தில் ‘பிக்னிக்’ என வழங்கும் சொல்லைத் தமிழில் ‘வனபோசனம்’ எனப் பெயர்த்தோர் உளர். பெயர்ப்பு இனிமையானதே. ஆயினும் அது உணவு உண்ணப்படும் இடத்தைச் சுட்டுகின்றதேயன்றி, அவ்வுணவு அங்கு வந்து சேர்ந்த முறையைச் சுட்டவில்லை. சொல்லின் வரலாற்றை நோக்குமிடத்து நிலைமை நேர்மாறாக இருந்தமை புலனாகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் ‘பிக்னிக்’ என்ற சொல்லுக்கும் வனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. உண்போர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைக் கொண்டுவருதல், அன்றேல் தத்தம் பங்குக்குரிய பணத்தைச் செலுத்துதல் என்பதே அதன் பொருளாயிருந்தது. மரநிழலும் புற்றரையும் பின்னர் வந்து சேர்ந்தவை. அவை வந்து சேரப் பங்கு மெல்ல நழுவிப் போயிற்று.

நமது வழக்கில் வீட்டுக்கு வெளியே உண்ணும் உணவு பெரும்பாலும் இரண்டு வகையாகவே பேசப்படும். ஒருவர் அழைத்து இட ஏனையோர் உண்பது விருந்து. பயணஞ் செல்வோன் தனக்கெனக் கட்டிச் செல்வது கட்டுச்சோறு. முன்னதில் கொடுப்போன் ஒருவன், உண்போர் பலர். பின்னதில் கொடுப்போனும் உண்போனும் ஒருவனே. பலர் பலவற்றைக் கொணர்ந்து ஓரிடத்தில் வைத்து உண்பது இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது முறை. விருந்தாளி கைவீசி வரலாம், அது குறையன்று. கட்டுச்சோற்றை எவரும் மற்றொருவரின் கட்டுச்சோற்றோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது முறையிலோ எல்லாப் பாத்திரங்களும் எல்லார் கண்முன்னும் திறக்கப்படுகின்றன. அப்போது ஒவ்வொருவரின் வசதியும் கருத்தும் கஞ்சத்தனமும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

எனவே, ‘நான் எதைக் கொண்டு செல்வது?’ என்னும் வினா அற்பமானது போலத் தோன்றினும் அத்துணை அற்பமானதன்று. கொண்டுவர இயலாதவனின் நிலை யாது? மிகுதியாகக் கொண்டுவந்தவனுக்கு மிகுதியான உரிமை உண்டா? கொண்டுவந்த பண்டத்தைச் சமைத்த கை யாருடையது? இவ்வினாக்கள் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. வெவ்வேறு காலத்துச் சமுதாயங்கள் சட்டத்தாலும் வழக்கத்தாலும் திருவுளச் சீட்டாலும் இவற்றுக்கு விடைகாண முயன்றுள்ளன. அம்முயற்சிகளுட் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் கிரேக்கரிடையே பங்குணவுக்கு ‘எரனோஸ்’ என்று பெயர். ஹோமரின் ஒடிசி காவியத்தின் முதற் பகுதியிலேயே இச்சொல் இடம்பெறுகின்றது. ஒடிசியசின் மாளிகையில் அவன் மனைவியை நாடி வந்தோர் அட்டகாசமாக உண்டு குடித்துக்கொண்டிருக்கின்றனர். வேற்றுருவில் வரும் அதீனா தேவி அக்காட்சியைக் கண்டு, இது பெருவிருந்தா, திருமணமா, நிச்சயமாக எரனோஸ் ஆக இருக்க முடியாது என்ற கருத்துப்பட வினவுகின்றாள். தத்தம் பங்கைக் கொடுத்து உண்போர் இவ்வாறு வரம்பு கடந்து நடவார் என்பது அவள் கூற்றின் உட்பொருளாகக் கொள்ளப்படுகின்றது. பிறர் பொருளைத் தின்போருக்கும் தம் பங்கைத் தின்போருக்கும் இடையிலான ஒழுக்க வேறுபாடு அத்துணைத் தொன்மையானது. ஹோமருக்கு அண்மைக் காலத்தவரான ஹீசியட் இதனையே பொருளியல் நோக்கில் கூறினார்: பலர் கூடிப் பொதுச் செலவில் உண்ணும் உணவில் இன்பம் பெரிது, செலவு சிறிது. உழவனின் கணக்கு அது.

எரனோஸ் என்ற சொல்லின் பிற்கால வாழ்வும் சுவையானது. கி. மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்சில் அது உணவை விட்டு நகர்ந்து, நண்பர் பலர் சிறுசிறு தொகையாகச் சேர்த்து இடர்ப்பட்ட ஒருவனுக்கு வட்டியின்றிக் கொடுக்கும் கடனையும் குறிக்கலாயிற்று. அடிமைகள் தம் விடுதலைக்குரிய கிரயத்தைச் செலுத்துவதற்கு இவ்வகைக் கடன் உதவிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு கறியைக் கொண்டுவந்து பொதுவில் வைக்கும் பழக்கமும், ஒருவனை மீட்கப் பணத்தைக் கொண்டுவந்து பொதுவில் வைக்கும் பழக்கமும் ஒரே பெயரைப் பெற்றமை தற்செயலன்று.

கூடையில் உணவை எடுத்துக்கொண்டு பிறர் வீட்டுக்குச் சென்று உண்ணும் முறையும் அவர்களிடையே இருந்தது. கி. மு. 425இல் மேடையேறிய அரிஸ்ரோபனீசின் ‘அக்கார்னியர்’ என்ற நகைச்சுவை நாடகத்தின் இறுதிப் பகுதி இதனை நன்கு காட்டும். பெலப்பொனீசியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தன்னளவில் தனியாகச் சமாதானஞ் செய்துகொண்ட குடியானவன் ஒருவனுக்கு விழா விருந்துக்கு அழைப்பு வருகின்றது. இருக்கை, மேசை, மாலை எல்லாம் ஆயத்தம். உன் உணவுப் பெட்டியையும் மதுச் சாடியையும் எடுத்துக்கொண்டு விரைந்து வா என்பது செய்தி. அதே வேளையில் படைத்தலைவன் ஒருவனுக்குப் போர்முனைக்குச் செல்லும்படி கட்டளை வருகின்றது. இருவரும் மேடையில் ஒரே நேரத்தில் உணவு கட்டுகின்றனர். ஒருவன் உப்பும் வெங்காயமும் நாட்பட்ட கருவாடும் கட்ட, மற்றவன் மீனும் பறவை இறைச்சியும் கட்டுகின்றான். போரையும் சமாதானத்தையும் இரண்டு உணவுப் பொதிகளில் அடக்கிக் காட்டிய நாடகாசிரியனின் திறனை வியவாதிருக்க முடியாது.

இனி, நம் விடயத்துக்கு மையமான ஒரு சான்றுக்கு வருவோம். சோக்கிரதீசின் மாணவரான செனபன் எழுதிய ‘நினைவுக் குறிப்புகள்’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில் அது காணப்படுகின்றது. அதனை விளங்கிக்கொள்வதற்குக் கிரேக்க உணவமைப்பை அறிதல் வேண்டும். அவர்கள் உணவை இரு கூறாக வகுத்தனர்: வயிற்றை நிரப்பும் தானிய உணவு ஒன்று, அதனோடு தொட்டுக்கொள்ளும் ‘ஒப்சொன்’ மற்றொன்று. சோறும் கறியும் என வகுத்துப் பேசும் நமக்கு இது விளக்கமின்றியே விளங்கும்; ஆங்கில மொழிபெயர்ப்பாளர்தாம் ஒப்சொன் என்பதற்குச் சொல் தேடி இடர்ப்படுகின்றனர். தானியம் எல்லார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்றத்தாழ்வு தோன்றுவது கறியில். மீன் விலை உயர்ந்த ஏதென்சில் ஒருவனின் கறி அவனது பணப்பையின் அளவைக் காட்டிக்கொடுத்தது.

செனபன் கூறுவது இது. பங்குணவுக்குக் கூடியோரிற் சிலர் சிறிதளவு கறியும் சிலர் பெருமளவு கறியும் கொண்டுவருவதுண்டு. அவரவர் கொண்டுவந்ததை அவரவரே உண்பது வழக்கமாயிருந்தது போலும். சோக்கிரதீஸ் பணியாளனை அழைத்து, சிறிதாக வந்த கறியைப் பொதுவில் வைக்குமாறு, அல்லது அதனையே பகுத்து எல்லார்க்கும் ஒவ்வொரு பங்கு கொடுக்குமாறு பணித்தார். பெரிதாகக் கொண்டுவந்தோர் இப்போது இக்கட்டில் அகப்பட்டனர். பொதுவில் வைத்ததை வாங்க மறுப்பது நாகரிகமன்று. வாங்கிக்கொண்டு தமது பங்கைப் பொதுவில் வையாதிருப்பது வெட்கம். ஆகவே அவர்களும் தமது கறியைப் பொதுவில் வைத்தனர். மிகுதியாகக் கொணர்ந்தும் குறைவாகக் கொணர்ந்தோரைவிட மிகுதியாகக் கிடைக்கவில்லை என்று கண்டபோது, கறிக்காகப் பெருஞ்செலவு செய்வதை அவர்கள் கைவிட்டனர்.

சில வரிகளிலே சொல்லப்பட்ட இந்நிகழ்ச்சி ஊன்றி நோக்கத்தக்கது. சோக்கிரதீஸ் செல்வரை நோக்கி எவ்வித உபதேசமும் செய்யவில்லை. அவர்களது பாத்திரத்தை எடுத்துப் பொதுவில் வைக்கும்படியும் கட்டளையிடவில்லை. சிறிய பாத்திரத்தை முதலில் பொதுவாக்கினார், அவ்வளவே. வெட்கப்பட வேண்டியவன் யார் என்பது அக்கணத்திலேயே மாறிவிட்டது. அதுவரை சிறிய கறியைக் கொண்டுவந்தவன் கூனிக் குறுகியிருந்தான். இப்போது பெரிய கறியை வைத்திருப்பவன் கூச வேண்டியதாயிற்று. இதனைச் சிக்கனம் பற்றிய நீதிக்கதையாக வாசிப்போர் உளர். செனபனுக்கும் அந்நோக்கம் இருந்திருக்கலாம். ஆயினும் பந்தியிற் சமத்துவத்தை ஏற்படுத்துவதற்குரிய வழிமுறை பற்றிய குறிப்பாகவே இதனைக் கொள்ளுதல் பொருத்தமென்பது என் கருத்து. அதே வேளையில் ஒன்றை மறத்தலாகாது. பகுத்து வைத்த அந்தப் பணியாளன் பந்தியில் அமர்ந்தவனல்லன். சோக்கிரதீசின் சமத்துவம் அமர்ந்திருந்தோருக்கு இடைப்பட்டது.

சோக்கிரதீஸ் சூழ்ச்சியாற் செய்ததைச் சில உணவுகள் தம் இயல்பாலேயே செய்துவிடும். நமது யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ் அத்தகையது. ஒருவர் ஒடியல் மாவும், ஒருவர் நண்டும், ஒருவர் மீனும், வேறொருவர் மரவள்ளிக் கிழங்கோ பயிற்றங்காயோ பலாக்கொட்டையோ கொண்டுவந்தாலும், யாவும் ஒரே பானையில் இறங்கிப் புளியும் மிளகாயும் கலந்து கொதித்த பின்னர் எவர் பங்கு எதுவெனப் பிரித்தறிதல் அரிது. முற்றத்தில் வட்டமாக அமர்ந்து பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடிக்கும்போது நண்டு கொண்டுவந்தவனின் பிளாவில் நண்டின் கால் வீழ வேண்டுமென்ற நியதியில்லை. ஆனால் அப்பானையைச் சுற்றி யார் அமரலாம், யார் அமரலாகாது என்பதை நமது சமூகம் நெடுங்காலம் வேறு அளவுகோலால் தீர்மானித்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

ஏதென்சில் வழக்கத்துக்கு விடப்பட்டதை ஸ்பார்ட்டா சட்டமாக்கியது. அங்கு முழுக் குடியுரிமை பெற்ற ஆடவர் ஒவ்வொருவரும் ஏறத்தாழப் பதினைவர் கொண்ட உணவுக் குழுவொன்றிற் சேர்ந்து நாள்தோறும் மாலையில் ஒருங்கே உண்ண வேண்டும். எதைக் கொண்டுவருவது என்ற ஐயத்துக்கே அங்கு இடமில்லை. புளூட்டாக் தரும் கணக்கின்படி, ஒருவன் மாதந்தோறும் ஒரு மெதிம்னோஸ் பார்லி மாவும், எட்டுக் கொயெஸ் திராட்சை மதுவும், ஐந்து மினா பாற்கட்டியும், இரண்டரை மினா அத்திப்பழமும், கறிக்கெனச் சிறிது பணமும் செலுத்த வேண்டும். புதியவன் ஒருவனைக் குழுவிற் சேர்ப்பதா என்பதையும் உணவாலேயே தீர்மானித்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் அப்பத்தின் மென்பகுதியை உருட்டிக் கலமொன்றில் இடுவர். உருண்டையை நசுக்கி இட்டால் அது எதிர்வாக்கு. அத்தகைய ஒன்றே போதும், அவன் வெளியே.

இத்தகைய கண்டிப்பான சமத்துவத்திலும் கறி தன் வேலையைக் காட்டாமல் விடவில்லை. வேட்டையாடிய விலங்கையோ கோதுமை ரொட்டியையோ விதித்த பங்குக்கு மேலதிகமாக ஒருவன் கொண்டுவரலாம். அதனைப் பரிமாறும்போது கொண்டுவந்தவனின் பெயரைச் சமையற்காரன் உரத்துக் கூறுவான். ஏதென்சில் மறைக்கப்பட்ட பெயர் ஸ்பார்ட்டாவில் அறிவிக்கப்பட்டது.

ஸ்பார்ட்டாவின் முறையை அரிஸ்ரோட்டில் தமது ‘அரசியல்’ நூலிற் கடுமையாகக் கண்டித்தார். பொதுவுணவு மக்களாட்சித் தன்மை வாய்ந்ததாகக் கருதப்பட்டது. நடைமுறையிலோ அது எதிர்மாறான விளைவையே தந்தது. மாதப் பங்கைச் செலுத்த இயலாத வறிய குடிமகன் உணவுக் குழுவை இழந்தான். குழுவை இழந்தவன் குடியுரிமையையும் இழந்தான். கிரீட் தீவில் பொதுவுணவுக்கான செலவு பொது வருவாயிலிருந்து வந்தமையால் அங்கு இக்குறை இல்லை என்று அவர் ஒப்பிட்டுக் காட்டினார். நிலம் ஒரு சிலர் கையிற் குவிந்தமையும் போர்களும் சேர, அவர் காலத்தில் ஸ்பார்ட்டாவின் குடிமக்கள் தொகை ஆயிரத்தையும் எட்டவில்லை. எல்லாரும் ஒரே அளவு கொண்டுவர வேண்டும் என்ற விதி பார்வைக்குச் சமத்துவமானது. ஒருவனுக்கு அது களஞ்சியத்தின் ஒரு மூலை, மற்றொருவனுக்கோ களஞ்சியம் முழுவதும். இவ்வுண்மையை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரிஸ்ரோட்டில் எண்ணிக்கையோடு நிறுவினார். அந்த பார்லியை விளைவித்த ஹெலொட் என்னும் அடிமை உழவரைப் பற்றி இவ்விடத்தில் அவர் பொருட்படுத்தவில்லை.

கி. பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரிந்து நகரில் இதே சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. அங்கிருந்த கிறித்தவர்களுக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், கூடியுண்ணும்போது அவரவர் தம் உணவை முந்தி உண்பதால் ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருக்கின்றான் என்ற கண்டனம் உள்ளது. செல்வரும் வறியவரும் ஒரே சபையில் இருந்தமையின் விளைவாக இப்பூசலை விளக்கும் ஆய்வை ஜெர்மானிய அறிஞர் கேர்ட் தைசன் 1974இல் வெளியிட்டார். பவுல் கூறிய பரிகாரம் ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல். பசி தாங்காதவன் வீட்டில் உண்டு வரலாம். செல்வனின் கறி வீட்டுக்குள் மறைந்ததேயன்றிப் பொதுவுக்கு வரவில்லை. இவ்விடயத்தைப் பொறுத்தமட்டில் சோக்கிரதீசின் முறை மேலும் ஆழமானது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இங்கிருந்து பதினாறு நூற்றாண்டுகளைத் தாண்டிப் பிரான்சுக்குச் செல்கின்றோம். கிரேக்கரின் எரனோசுக்கும் பிரெஞ்சுக்காரரின் வழக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்ததென்பது இக்கட்டுரையின் துணிபன்று. ஒரே சிக்கல் இரு வேறு சூழல்களில் எழுந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

‘பீக்-நீக்’ என்ற சொல் 1649இல் பரிசில் அச்சான அங்கதச் செய்யுளொன்றிற் குடித்துக் களிக்கும் தோழர் கூட்டமொன்றின் பெயராக வருகின்றது. அரசுக்கு எதிரான கலகத்தால் பரிஸ் அல்லற்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. 1694இல் வெளிவந்த மெனாஜின் சொற்பிறப்பு அகராதி, ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செலுத்தி உண்ணும் உணவு என அதற்குப் பொருள் கூறியது. 1740இல் பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் அகராதியும் அதனை ஏற்றுக்கொண்டது. றூசோ தமது தன்வரலாற்றிலே, மெய்யியலாளர் கொந்தியாக்கும் தாமும் இளமையிற் சில வேளைகளில் இருவராக ‘பீக்-நீக்’ முறையில் உணவருந்தியதைக் குறிப்பிடுகின்றார். இருவரும் அப்போது வசதி குறைந்தவர். காடில்லை, கூடையில்லை, கூட்டமுமில்லை. செலவைப் பகிர்ந்தமையே அங்கு பீக்-நீக்.

இச்சொல் ஆங்கில உயர்குடியினர் கையில் அகப்பட்டபோது சிக்கனம் கேளிக்கையாக மாறியது. கேணல் ஹென்றி கிரெவில் என்பார் 1801-1802 காலப்பகுதியில் இலண்டனில் ‘பிக்னிக் சங்கம்’ ஒன்றை அமைத்தார். உறுப்பினர் தாமே நாடகம் நடிப்பதும் பின்னர் கூடியுண்பதும் அதன் நிகழ்ச்சிகள். தமது நாடகக் கொட்டகைக்கு நட்டம் நேருமென்று ஷெரிடன் போன்றோர் எதிர்த்தனர். கேலிச்சித்திரக்காரரான கில்றே 1802இல் இச்சங்கத்தை நையாண்டி செய்து படம் வரைந்தார். சங்கம் நீடிக்கவில்லை. ஆனால் உணவைப் பங்கிடுவதற்கு அவர்கள் கண்ட வழி இக்கட்டுரைக்கு மிக வேண்டியது.

அக்காலப் பத்திரிகை விவரணத்தின்படி, முதலில் உணவு மேலாளர் ஒருவர் கறிவகைகளின் நிரலொன்றைத் தயாரிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடப்படும். உறுப்பினர் சீட்டு எடுப்பர். எவருக்கு எந்த இலக்கம் விழுந்ததோ அந்த உணவை அவர் அளிக்க வேண்டும். அதனைத் தமது வண்டியிற் கொண்டுவரலாம், அல்லது பணியாளனிடங் கொடுத்தனுப்பலாம். எல்லாரும் ஒரே பண்டத்தைக் கொண்டுவந்துவிடும் விபத்தை நிரல் தடுத்தது. யார் எதைத் தெரிந்தாலும் எழும் முணுமுணுப்பைச் சீட்டுத் தடுத்தது. ஒழுங்கமைப்பு என்ற வகையில் இதனிலும் சிறந்த முறையைக் காண்டல் அரிது. எனினும் சீட்டு எதைச் சமப்படுத்தியது என்று கேட்க வேண்டும். விலையுயர்ந்த பண்டத்துக்குரிய சீட்டு விழுந்தாலும் கலங்காத செல்வர் மட்டுமே அப்பைக்குள் கையை விட முடியும். இங்கு சமத்துவம் விளையாட்டின் விதி. விளையாட்டுக்குள் நுழைவதற்குரிய தகுதியோ முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மேலும், ஒருவரையொருவர் விஞ்சும் ஆர்வத்தினால் உணவு மிகச் சிறப்பாக அமைந்ததாக அவ்விவரணமே புகழ்கின்றது. சோக்கிரதீசின் பந்தியில் அடங்கிய போட்டி கிரெவிலின் பந்தியில் மேளதாளத்தோடு திரும்பிவந்தது.

இவையாவும் கூரையின் கீழ் நிகழ்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலேதான் ஆங்கிலேயர் இச்சொல்லை வெளியே கொண்டுசென்றனர். இயற்கைக் காட்சியை நாடிப் பயணஞ்செய்யும் மோகம் அப்போது பரவியிருந்தது. வேட்டைக்குச் சென்றோரும் அறுவடை செய்தோரும் வெளியில் உண்பது பழையதே. உண்பதற்கென்றே வெளியில் செல்வது புதியது. 1806இல் ஜோன் ஹாரிஸ் வெளியிட்ட சிறுவர் நூலொன்றிற் சிறு பறவை இரண்டின் திருமணத்துக்குப் பிராணிகள் தத்தமக்கேற்ற உணவைக் கொண்டுவந்து திறந்தவெளியிற் கூடியுண்கின்றன. நூலின் தலைப்பிலேயே ‘பிக்னிக்’ என்ற சொல் உள்ளது. பங்கும் வெளியும் ஒருங்கே அமைந்த இடைக்கட்டம் இது.

ஜேன் ஒஸ்ரினின் ‘எம்மா’ 1815ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதில் சறே மாவட்டத்துப் பொக்ஸ் குன்றில் நிகழும் வெளியுணவு ஆங்கில இலக்கியத்திற் பெரும்புகழ் பெற்றது. புறாப் பணியாரமும் ஆறிய ஆட்டிறைச்சியும் எடுத்துச்செல்வது பற்றிய பேச்சு முன்னரே வருகின்றது. இரண்டும் தூக்கிச்செல்லத் தோதானவை. மாக்கூட்டுக்குள் இறைச்சியை அடைத்துச் சுட்டால் அக்கூடே பாத்திரமாகிவிடும். திறந்தவெளி விதித்த கட்டுப்பாடு அது. பணத்தோடு சூடும் குழம்பும் இப்போது தெரிவைத் தீர்மானிக்கலாயின. கெடாதிருக்கும்பொருட்டுப் புளியஞ்சோறு கட்டும் நம்மவரின் தருக்கமும் இதுவே.

ஆனால் பொக்ஸ் குன்றில் ஒஸ்ரின் உணவைப் பற்றி அதிகம் பேசவில்லை. உண்டு சலித்திருக்கும் வேளையில் விளையாட்டொன்று முன்மொழியப்படுகின்றது. ஒவ்வொருவரும் மிகச் சாதுரியமான ஒன்றையோ, ஓரளவு சாதுரியமான இரண்டையோ, மிக மந்தமான மூன்றையோ சொல்ல வேண்டும். பங்குணவின் விதியே இங்கு பேச்சுக்கு இடம் மாறியிருப்பதைக் காணலாம். வறுமையுற்ற முதுகன்னியான மிஸ் பேற்ஸ், மந்தமான மூன்று தனக்கு எளிதில் வரும் என்று தன்னைத்தானே எள்ளிக்கொள்கின்றாள். மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் உங்களுக்குச் சிரமமாயிருக்கும் என்ற கருத்தில் எம்மா அவளைக் குத்திவிடுகின்றாள். பின்னர் நைற்லி அவளைக் கண்டிக்கும்போது எடுத்துரைக்கும் முதன்மையான காரணம் மிஸ் பேற்சின் வறுமையே. அவள் செல்வந்தியாயிருந்தால் இக்கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். பிறந்தபோதிருந்த வசதியிலிருந்து தாழ்ந்துபோனவளைக் கேலி செய்தல் ஆகாது. சிறிய கறியைக் கொண்டுவந்தவளின் பாத்திரத்தை எல்லார் முன்னும் திறந்து காட்டி நகைத்ததுதான் எம்மா செய்தது. செனபனையும் ஒஸ்ரினையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவனுக்கு இவ்வொற்றுமை தோன்றாமற் போகாது.

நைற்லி வெளியுணவையே விரும்பாதவர் என்பதும் கவனத்திற்குரியது. மரத்தடியில் எளிமையாக உண்போம் என்று பிறர் கூற, பணியாளரும் தளபாடங்களும் உள்ள கனவான்களுக்கு வீட்டுக்குள் மேசையில் உண்பதே இயல்பும் எளிமையும் என்ற கருத்தைக் கூறுகின்றார். பழமைவாதியின் சிடுசிடுப்பாகத் தோன்றினாலும், அந்த ‘எளிமை’யைச் சுமந்து குன்றேறுவோர் யாரென்பதை அவர் அறிந்திருந்தார்.

சுமப்போரின் பளுவை அறிய 1861இல் நூலாக வந்த இசபெலா பீற்றனின் வீட்டு மேலாண்மை நூலைப் புரட்டினாற் போதும். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நாற்பது பேருக்கான வெளியுணவுப் பட்டியல் அதில் உண்டு. ஆறிய மாட்டிறைச்சி இரண்டு பெருந்துண்டம், ஆட்டிறைச்சி நான்கு துண்டம், பொரித்த கோழி 4, தாரா 2, இறைச்சிப் பணியாரம் 4, சிங்கிறால் 6, சலாதுக் கீரை 18, வெள்ளரிக்காய் 6 எனத் தொடங்கி, பாற்கட்டிப் பலகாரம் 4 டசின், வெண்ணெய் 6 இறாத்தல், தேயிலை அரை இறாத்தல் என்று பட்டியல் நீளும். கோப்பி தயாரிப்பது சிரமமாகையால் அது வெளியுணவுக்கு உகந்ததன்று என்பது அவர் தீர்ப்பு. இலங்கை அப்போது கோப்பித் தோட்டங்களின் நாடாயிருந்தது. மறக்கலாகாத பொருள்களென உப்பு, கடுகு, வினாகிரி முதலியன தனியே தரப்பட்டுள்ளன. தக்கைத் திருகி மூன்று எடுக்க வேண்டுமாம். ஒன்று தொலையும், ஒன்று முறியும் என்று அனுபவத்தில் அறிந்திருப்பார் போலும்.

இப்பட்டியலை 1802ஆம் ஆண்டின் நிரலோடு ஒப்பிடுக. அங்கு ஒவ்வொரு பண்டத்தின் எதிரிலும் ஓர் இலக்கமும், அவ்விலக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆளும் இருந்தனர். இங்கு பண்டங்களின் பெயரும் தொகையும் மட்டுமே உள்ளன. எவர் எதைக் கொண்டுவருவது என்ற வினாவுக்கே இடமில்லை. யாவும் ஒரே சமையலறையிலிருந்து, ஒரே இல்லத்தலைவியின் கட்டளைப்படி, பெயரற்ற சமையற்காரிகளின் கையால் ஆயத்தமாகிக் கூடைகளில் ஏறுகின்றன. நாற்பதின்மரும் விருந்தினர். பிக்னிக் இவ்வாறு விருந்தாயிற்று, கூரை மட்டுமே நீங்கியது. நடுத்தர வகுப்பு இல்லத்தின் கௌரவம் அதன் தலைவியின் நிர்வாகத்தில் தங்கியிருந்த விக்றோரியா காலத்தில், பிறர் கறியைத் தன் மேசைக்கு வரவிடுவது குறையாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

பிரெஞ்சு மொழியிலோ பழைய பொருள் எளிதில் விடைபெறவில்லை. 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் வெளிவந்த லித்ரேயின் பேரகராதி, பங்குப் பணம் செலுத்தியோ ஆளுக்கொரு கறி கொண்டுவந்தோ உண்ணும் உணவு என்றே விளக்கந் தந்தது. ஆங்கிலத்திலிருந்து பங்கு வெளியேறிய பின்னர், அமெரிக்கர் அதனை வேறொரு சொல்லுக்குள் வைத்துப் பேணினர். எதிர்பாராது வந்த விருந்தாளிக்குப் பானையில் இருப்பது கிடைக்கும் என்ற பொருளுடைய ‘பொட்லக்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லே அது. அங்கு அது ஆளுக்கொரு கறி கொண்டுவரும் கூட்டுணவின் பெயராயிற்று.

இலங்கைக்கு ‘பிக்னிக்’ ஆங்கிலேயரோடு வந்த சொல். பங்கு கழன்று புற்றரை ஒட்டிக்கொண்டபின் ஆங்கிலத்தில் நிலைத்த பொருளே நம்மிடம் வழங்குகின்றது. ‘வனபோசனம்’ என்று பெயர்த்தவர் தமக்குக் கிடைத்த பொருளைச் சரியாகவே பெயர்த்தார். ஆனால் சுற்றுலாவுக்குப் புறப்படுமுன் தலைக்கு இவ்வளவெனக் குறித்து, பெயர்ப் பட்டியலொன்றை வைத்துக்கொண்டு விடுதி அறைகள்தோறும் ஏறியிறங்கிப் பணந் திரட்டும் நமது மாணவர்கள் செய்வது, பீற்றன் அம்மையாரின் பட்டியலிலும் பார்க்க மெனாஜ் 1694இல் எழுதிவைத்த பொருளுக்கே அண்மையில் நிற்கின்றது. பணம் கொடுக்க இயலாதவரின் பெயருக்கு எதிரில் எவரும் அறியாமல் அடையாளமிட்டு, அவருடைய பங்கையும் தாமே போட்டுவிடும் பொருளாளர்களும் அவர்களுள் இருக்கின்றனர்.